தலையணைக்கு அடியில ஒரு பலகை

வணக்கம் சார்,

சுமார் 1,200 வருஷம் முன்னாடி மேற்கு ஐரோப்பாவ ஆண்ட சார்லமேன் பத்தின உங்க கட்டுரைல அவருக்கு எழுதவே தெரியாதுன்னு ஒரு வரி வருது. படிப்பறிவே இல்லாத, சாக்சன்காரங்கள (இப்ப வட ஜெர்மனியா இருக்கற பகுதில வாழ்ந்த மக்கள) கொன்னு குவிச்ச ஒரு ராஜாவ எப்படி 'ஐரோப்பாவின் தந்தை'ன்னு சொல்றாங்க? பின்னாடி வந்தவங்க ஒட்டின பட்டம்தானே?

– ஆர்.

அன்புள்ள ஆர்.,

அந்த வரிய அவசரத்துல எழுதிட்டேன், தப்பு என் மேல. எழுத வராதுங்கறது வேற, படிப்பறிவு இல்லங்கறது வேற. மனுஷன் லத்தீன தாய்மொழி மாதிரி பேசுவாரு, கிரேக்கம் கேட்டா புரியும், சாப்பிடும்போது யாராவது புஸ்தகம் வாசிச்சுக்கிட்டே இருக்கணும். எழுத்து மட்டும்தான் கைக்கு வரல. அரசவைல கூடவே இருந்து அவர் வாழ்க்கை வரலாற எழுதின ஐன்ஹார்ட் எழுதி வச்சிருக்காரு, பலகையும் ஏடும் தலையணைக்கு அடியிலயே இருக்குமாம், கொஞ்சம் ஓய்வு கிடைச்சா எடுத்து எழுதிப் பழகுவாராம், ஆனா ரொம்ப லேட்டா ஆரம்பிச்சதால பெருசா ஒண்ணும் வரலயாம். ஐந்தில் வளையாதது கேஸ்தான்.

வேடிக்க என்னன்னா அவர் காலத்து மடங்கள்லதான், இப்ப பிரான்ஸ்ல இருக்கற கோர்பி, தூர் மாதிரி இடங்கள்ல, வார்த்தைக்கு வார்த்தை இடம் விட்டு தெளிவா எழுதற ஒரு லத்தீன் சின்ன எழுத்து பரவுச்சு, பல நூறு வருஷம் கழிச்சு இத்தாலிக்காரங்க அத பாத்து பழைய ரோமானியர் எழுத்துன்னு தப்பா நினைச்சு காப்பி அடிச்சாங்க, அப்புறம் அச்சுக்கும் அதுவே போச்சு. இப்ப நம்ம கீபோர்டுல தட்டுற இங்கிலீஷ் சின்ன எழுத்தெல்லாம் அந்த வழில வந்ததுதான்.

பட்டம் பின்னாடி ஒட்டினது இல்ல. 800ஐ ஒட்டி, அவர் உயிரோட இருக்கும்போதே ஒரு லத்தீன் கவிதை அவர 'ஐரோப்பாவின் தந்தை'ங்குது. அரசவைப் புலவர் வேற எப்படி பாடுவாரு சொல்லுங்க! அவர் கட்டின பேரரச 843ல பேரனுங்க மூணு பேரும் வெர்தூன் (பிரான்ஸ்ல இருக்கற ஊர்) ஒப்பந்தம் போட்டு பங்கு பிரிச்சுட்டாங்க, அவ்வளவுதான் அதோட ஆயுசு.

ஆனா சாக்சன் விஷயத்துல நீங்க சொல்றத அப்படியே ஒத்துக்கறேன். 782ல ஃபெர்டன்ல (இது ஜெர்மனில இருக்கற வேற ஊர்) ஒரே நாள்ல 4,500 பேர் தலைய வெட்டினதா அவரோட சொந்த அரசவை ஆண்டுக்குறிப்பே சொல்லுது, எண்ணிக்கைய சந்தேகப்படறவங்க உண்டு. ஞானஸ்நானம் வேணாம்னு சொன்னா மரண தண்டனைன்னு சட்டமே போட்டாரு. அவரோட ஆசான் அல்குயினே, நம்பிக்கைய கட்டாயப்படுத்தி வரவைக்க முடியாதுன்னு எழுதினாரு.

ஜெர்மனில ஆகன் நகரத்துல 1950ல இருந்து ஐரோப்பிய ஒற்றுமைக்குன்னு அவர் பேர்ல பரிசு குடுக்கறாங்க. அதே ஜெர்மனில ஃபெர்டன் பக்கத்துல செத்தவங்களுக்காக 4,500 கல்லு நட்டிருக்காங்க, நட்டது 1930கள்ல, நாஜிங்க. அவங்களுக்கு சாக்சன்காரங்க மேல அப்படி என்ன பாசம்னு தனியா எழுதறேன்.