செம்பருத்தியில் வெள்ளைப் புழு

கேள்வி: அக்கா, வாசல் செம்பருத்தியில் மாவுப்பூச்சி அப்பிக் கிடக்கிறது. அது போதாதென்று, பஞ்சு முளைத்த மாதிரி பெரிய வெள்ளைப் புழுக்களும் இப்போது ஊர்கின்றன. கூடவே மிளகைவிடச் சின்னதாக ஒரு கறுப்பு வண்டு. சோப்புத் தண்ணீர் அடிக்கலாமா?
– ஒரு வாசகி, சாட்ஸ்வொர்த், டர்பன்

பதில்: சோப்பை எடுத்து வையுங்கள் தங்கச்சி. அந்தப் பெரிய புழு மாவுப்பூச்சியைத் தின்ன வந்தது. நீங்கள் பார்த்த கறுப்பு வண்டின் பிள்ளைதான் அது. கிரிப்டோலேமஸ் என்று பெயர், பொறிவண்டில் ஒரு வகை.

பொறிவண்டு என்றதும் சிவப்பு முதுகும் கறுப்புப் புள்ளியும் தேடுவோம். இதில் ஒரு புள்ளிகூடக் கிடையாது. நீளம் 3, 4 மில்லிமீட்டர்தான். முதுகு கருப்பட்டி நிறம், தலையும் கழுத்தும் ஆரஞ்சு. முதுகு முடிகிற இடத்திலும் அதே ஆரஞ்சு கொஞ்சம், மருதாணி வைத்த விரல்நுனி மாதிரி. முன்னங்கால் மஞ்சளாக இருந்தால் ஆண், கறுத்திருந்தால் பெண். இதைப் பார்க்க நான் பேரனிடம் பூதக்கண்ணாடி கடன் வாங்கினேன்.

ஆளை ஏமாற்றுவது புழுதான். மேலெல்லாம் வெள்ளை மெழுகு இழை இழையாகத் தொங்கும், அசல் மாவுப்பூச்சியேதான். போன கோடையில் என் கொய்யா மரத்தில் இருந்த புழு அத்தனையையும் மாவுப்பூச்சி என்று நினைத்து, பழைய பல் பிரஷால் தேய்த்துத் தள்ளிவிட்டேன். அப்புறம் மாவுப்பூச்சி பக்கத்துக் கறிவேப்பிலைக்கும் போய்விட்டது! அளவை வைத்துப் பிரிக்கலாம். மாவுப்பூச்சி 4 மில்லிமீட்டர் போல இருந்து, ஒரே இடத்தில் ஒட்டிக் கிடக்கும். புழு வளர்ந்தால் ஒரு சென்டிமீட்டரைத் தாண்டும், சுறுசுறுப்பாக நடக்கும்.

இதன் சொந்த ஊர் ஆஸ்திரேலியா. தென்னிந்தியாவுக்கு 1898இல் காப்பித் தோட்டப் பூச்சிக்காகக் கொண்டுபோனார்கள், இங்கே தென்னாப்பிரிக்காவுக்கு வந்தது 1900இல். 1860இல் கரும்பு வெட்ட நம் ஆட்கள் கப்பலில் வந்த மாதிரி, இதுவும் வேலைக்கு வந்த கூட்டம்தான்.

சரி, நீங்கள் செய்ய வேண்டியது எறும்பைத் தடுப்பது. மாவுப்பூச்சி விடும் இனிப்புக்காக எறும்பு காவல் நின்று வண்டை விரட்டும். தண்டைச் சுற்றித் துணி கட்டி, அதன்மேல் வாஸ்லின் களிம்பு தடவுங்கள். சுவரைத் தொடும் கிளையை வெட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் எறும்பு அந்த வழியாக ஏறிவிடும். வெள்ளைப் பஞ்சையும் இப்போதைக்குக் கழுவ வேண்டாம், அதற்குள்தான் வண்டு முட்டை வைக்கும். சாமிக்குப் பூப் பறிக்கும்போது மட்டும் மெல்ல ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் பறியுங்கள்.