ஓடுவது குதிரைதானே?

அன்புள்ள ஐயா,

நீண்ட தூரக் குதிரைப் பந்தயத்தை முடித்த நிதா அஞ்சுமைப் பாராட்டி நீங்கள் எழுதியதைப் படித்தேன். 120 கிலோமீட்டர் ஓடியது குதிரை. மேலே உட்கார்ந்திருந்தவரின் உழைப்பை ஏன் இவ்வளவு கொண்டாடுகிறீர்கள்? குறை சொல்லக் கேட்கவில்லை. என் மகளும் குதிரையேற்றம் கற்க வேண்டும் என்கிறாள், அதனால்தான்.

கே.

அன்புள்ள கே.,

கேரளத்தைச் சேர்ந்த நிதா, 2023 செப்டம்பரில் பிரான்சில் நடந்த இளையோர் உலக எண்டூரன்ஸ் (நீண்ட தூரக் குதிரையோட்டம்) போட்டியை எப்சிலான் சாலூ என்ற குதிரையில் முடித்தார். ஏறக்குறைய ஏழரை மணி நேரம். ட்ராட் நடையில், அதாவது நடைக்கும் பாய்ச்சலுக்கும் இடைப்பட்ட துள்ளோட்டத்தில், குதிரை போகும்போது அதன் தாளத்துக்கு ஏற்பச் சேணத்திலிருந்து எழுந்து எழுந்து அமர வேண்டும். தப்பினால் நம் எடை அதன் முதுகில் மோதும். மணிக்கணக்கில் இதைச் செய்தவரின் தொடையைக் கேட்டால் உழைப்பு யாருடையது என்று சொல்லும்.

ஆனால் நான் கொண்டாடுவது வேறொன்றை. இந்தப் பந்தயம் பல சுற்றுகளாகப் பிரிக்கப்பட்டது. ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் கால்நடை மருத்துவர் நிற்பார். குதிரையின் இதயத்துடிப்பு, வழக்கமான விதிப்படி, நிமிடத்துக்கு 64க்கு இறங்க வேண்டும். கடைசிச் சுற்றைத் தவிர மற்றவற்றில், அதை இறக்கி மருத்துவரிடம் காட்டும்வரை கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கும். குறித்த நேரத்துக்குள் இறங்காவிட்டால் வெளியே போக வேண்டியதுதான். விரட்டி ஓட்டிச் சம்பாதித்த ஐந்து நிமிடம் இங்கே பத்தாகப் பறிபோகும். மருத்துவர் குதிரையின் ஈறைக் கட்டைவிரலால் அழுத்துவார். வெளுத்த இடம் இரண்டு நொடிக்குள் சிவக்க வேண்டும். வயிற்றில் ஸ்டெதஸ்கோப் வைத்துக் குடல் சத்தம் கேட்பார். பிறகு குதிரையைக் கையில் பிடித்து ஓட்டிக் காட்டச் சொல்வார். நொண்டல் தெரிந்தால் அன்றோடு முடிந்தது.

இந்தப் பிரிவில் ஓட்டுபவர்கள் 14 முதல் 21 வயதுக்காரர்கள். முந்தத் துடிக்கிற வயது. அந்த வயதில் ஒரு பெண், முன்னால் போகிறவரை விட்டுவிட்டுத் தன் குதிரையின் மூச்சைக் கேட்டு வேகத்தைக் குறைக்கிறாளே, அந்த வளர்ச்சிதான் என்னை நெகிழவைக்கிறது.

பந்தயத்துக்கு முந்தைய வருடங்கள் இன்னும் கடினம். பயிற்சியில் குதிரையின் மூச்சும் தசையும் சில மாதங்களில் தேறிவிடும். எலும்பும் தசைநாணும் உறுதிப்பட அதைவிட வெகுகாலம் ஆகும். குதிரை 'போகலாம், போகலாம்' என்று இழுக்கும். பொறுக்க வேண்டியவர் மேலே இருப்பவர். அவசரப்பட்டால் குதிரையின் கால் போய்விடும்.

கலிபோர்னியாவில் 1955இல் தொடங்கிய டெவிஸ் கோப்பைப் பந்தயத்தில் 160 கிலோமீட்டரை 24 மணி நேரத்துக்குள் கடக்க வேண்டும். அங்கே முதலில் வந்தவருக்கு ஒரு கோப்பை என்றால், முதல் பத்தில் மிக நல்ல நிலையில் இருக்கும் குதிரைக்கு ஹேகின் கோப்பை என்று தனியாகவே ஒன்று உண்டு. எனக்கு இரண்டாவதுதான் பெரிது.

உங்கள் மகளைச் சேர்க்கப் போகும் இடத்தில் ஒன்று கேளுங்கள். குளம்பைச் சுத்தம் செய்யவும், தாடைக்கு அடியில் விரல் வைத்து நாடி பார்க்கவும் ஆரம்பத்திலேயே கற்றுக்கொடுப்பார்களா? ஆம் என்றால் தயங்காமல் சேர்த்துவிடுங்கள். ஏற்றி உட்காரவைத்து நாலு சுற்று சுற்றிக் காட்டுவதோடு சரி என்றால், வேறு இடம் தேடுங்கள்.