இடையன்குடியும் சேரன்மாதேவியும்

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

வணக்கம். நண்பர்களுக்குள் நடந்த ஒரு விவாதம் மனதை விட்டு அகலாததால் எழுதுகிறேன். இந்தியா என்பது ஆங்கிலேயர் ஆட்சி வசதிக்காகக் கட்டியது என்றார் ஒருவர். அப்படியானால் திராவிடம் மட்டும் என்ன, நம் இடையன்குடியில் உட்கார்ந்து கால்டுவெல் பாதிரியார் செய்து கொடுத்ததுதானே என்றார் மற்றவர். இரண்டுமே பிறர் தந்தவை என்றால் நம் அடையாளம் என்று சொல்ல ஏதேனும் உண்டா? தமிழன், இந்தியன் ஆகிய இரண்டில் எதை முதலில் சொல்வது?

வாசகர், அம்பாசமுத்திரம்

அன்புள்ள தம்பி,

உங்கள் நண்பர்கள் எதிரெதிராகப் பேசினாலும் இருவரும் நம்புவது ஒன்றையே. ஒரு கருத்து எப்போது, யாரால் உண்டானது என்று காட்டிவிட்டால் அது பொய்யாகிவிடும் என்பது அந்த நம்பிக்கை. அந்த அளவுகோலை வைத்தால் உலகில் எந்தத் தேசமும் மிஞ்சாது. 1882இல் பாரிஸில் ஆற்றிய புகழ்பெற்ற உரையில் பிரெஞ்சு அறிஞர் எர்னெஸ்ட் ரெனான், இனமோ மொழியோ மதமோ நில எல்லையோ ஒரு தேசத்தை உண்டாக்கிவிடுவதில்லை என்றும், பொதுவான நினைவுகளும் சேர்ந்து வாழ்வதற்கான இசைவுமே அதை உண்டாக்குகின்றன என்றும், அந்த இசைவு அன்றாடம் எடுக்கப்படும் வாக்கெடுப்பு போன்றது என்றும் வாதிட்டார். (அதே ஆண்டு டிசம்பரில்தான் எட்டயபுரத்தில் பாரதி பிறந்தார் என்பது தற்செயல்தான் என்றாலும் எனக்குப் பிடித்த தற்செயல்.)

கால்டுவெல்லுக்கு வருகிறேன். தென்னிந்திய மொழிகள் தனிக் குடும்பத்தைச் சேர்ந்தவை என்பதை அவருக்கு நாற்பது ஆண்டுகள் முன்பே, 1816இல், சென்னையில் ஆங்கிலேய அதிகாரி எல்லிஸ் எடுத்துக்காட்டியிருந்தார். அதைத் திராவிட மொழிகளின் விரிவான ஒப்பிலக்கணமாக 1856இல் நிறுவியவர் கால்டுவெல். அது மொழியியல் முடிவு. அதை ஓர் அரசியல் அடையாளமாக ஆக்கியவர்கள் இங்கே வாழ்ந்த மக்கள். அவர் தந்ததையெல்லாம் இவர்கள் கைநீட்டி வாங்கிக்கொண்டார்கள் என்பதும் உண்மையன்று. திருநெல்வேலி நாடார்களைப் பற்றி 1849இல் அவர் வெளியிட்ட சிறு நூல் தங்களை இழிவுபடுத்துகிறது என்று அச்சமூகத்தில் கல்வி பெற்றவர்கள் பின்னாளில் வெளிப்படையாக எதிர்த்தார்கள். எழுதிய கை ஒன்றுதான். அதில் ஒன்றை ஏற்று மற்றொன்றை மறுத்தவர்களை, பிறர் செய்து தந்த அடையாளத்தைச் சுமப்பவர்கள் என்று எப்படிச் சொல்வது?

இந்திய தேசமும் நம் பக்கத்தில் அப்படித்தான் உருவாயிற்று. வரைபடமும் ரயில் பாதையும் ஆங்கிலேயர் போட்டவை என்பதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் 1906இல் வ.உ.சி. தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கியபோது, மூலதனமான பத்து லட்சம் ரூபாய் தலா 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகளாகப் பிரிக்கப்பட்டது. அவற்றில் 8,000 பங்குகளை வாங்கியவர் ஹாஜி முகமது பக்கீர் சேட். கம்பெனியின் தலைவராக இருந்தவர் பாண்டித்துரைத் தேவர். 1901இல் மதுரையில் தமிழ்ச் சங்கத்தை நிறுவியவரும் அவரே. எதை முதலில் சொல்வது என்ற உங்கள் கேள்வியை அவரிடம் கேட்டிருந்தால், இதில் என்ன சிக்கல் என்று வியந்திருப்பார் என்றே நினைக்கிறேன். வ.உ.சி.யும் சிறை மீண்ட பிறகு தொல்காப்பிய உரைப் பதிப்பிலும் குறளுரையிலும் ஈடுபட்டார். அது தேசப்பணியிலிருந்து விலகிப் போனது என்று எனக்குத் தோன்றவில்லை.

உண்மையான பிளவு வேறோர் இடத்தில் நிகழ்ந்தது. அந்த இடம் உங்கள் ஊருக்கு வெகு பக்கம். 1920களின் தொடக்கத்தில் வ.வே.சு. ஐயர் தாமிரபரணிக் கரையில், சேரன்மாதேவியில் நடத்திய தமிழ்க் குருகுலம், தேசிய உணர்வும் தமிழ்ப் பண்பாடும் ஒருங்கே வளர வேண்டும் என்ற நோக்கம் கொண்டது. ஐயர் சாதாரணமானவர் அல்லர்; லண்டனில் புரட்சியாளர்களோடு இருந்தவர், குறளை ஆங்கிலத்தில் பெயர்த்தவர். பல சமூகத்தவரும் நன்கொடை தந்தார்கள். தமிழ்நாட்டுக் காங்கிரஸ் பத்தாயிரம் ரூபாய் தருவதாக ஒப்புக்கொண்டு ஐயாயிரத்தைக் கொடுத்தது. அந்தச் சேரன்மாதேவி குருகுலத்தில் இரண்டு பிராமண மாணவர்களுக்கு மட்டும் தனிப்பந்தியில் உணவு பரிமாறப்பட்டது தெரியவந்தபோது, காங்கிரஸ் தலைவர்களான வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் கொதித்தெழுந்தார்கள். தனியே உணவளிப்பதாக அப்பிள்ளைகளின் பெற்றோருக்குக் கொடுத்த வாக்கு என்பது ஐயர் தரப்பின் வாதம். இரண்டு பிள்ளைகள் தனியே உண்பதற்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா என்று இன்றும் கேட்பவர்கள் உண்டு. பொதுப்பணத்தில், தேசத்தின் பெயரால், வருங்காலக் குடிமக்களை வளர்க்கும் இடத்தில் பந்தி பிரிந்தால் அங்கே வளர்வது எந்தத் தேசம் என்பதே எதிர்த்தவர்களின் கேள்வி. அதற்கு ஐயரின் வாக்குறுதி விடையாகாது என்பதே என் கருத்தும். 1925 ஜூனில் பாபநாசத்தில், அருவியில் விழுந்த மகளைக் காப்பாற்ற முயன்று ஐயர் இறந்தார். அவ்வாண்டு நவம்பரில் காஞ்சிபுரம் காங்கிரஸ் மாநாட்டில், ஒவ்வொரு சமூகத்துக்கும் உரிய இடம் கேட்கும் வகுப்புவாரிப் பிரதிநிதித்துவத் தீர்மானம் ஏற்கப்படாததால் பெரியார் காங்கிரஸை விட்டு வெளியேறினார்.

இதில் நீங்கள் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. அன்று இரு தரப்பாரும் காங்கிரஸ்காரர்கள். இரு தரப்பாரும் தமிழை உயர்த்திப் பிடித்தவர்கள். நாயுடு நடத்திய பத்திரிகையின் பெயரே 'தமிழ்நாடு'. தமிழன் முதலா, இந்தியன் முதலா என்று கேட்டிருந்தால் அவர்களை இரண்டாகப் பிரித்திருக்க முடியாது. அவர்களைப் பிரித்த கேள்வியை உங்கள் நண்பர்கள் இருவரும் இன்னும் எழுப்பவில்லை.

அன்புடன்.