மருந்துக்கு மசியாத கிருமிகள்: வாசகர் கேள்வி – பதில்

(பதில் சொல்பவர், அரசு மருத்துவக் கல்லூரி ஒன்றில் நுண்ணுயிரியல் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர்.)

ஆன்டிபயாடிக் மருந்துகள் வேலை செய்யாமல் போவதைப் பற்றி ஐ.நா. சபையில் உலகத் தலைவர்கள் கூடிப் பேசினார்களாமே? தீர்மானம் போட்டால் கிருமி பயந்துவிடுமா டாக்டரம்மா?
– பரமக்குடி வாசகர்

கிருமி பயப்படாது. நிதித்துறை அதிகாரிகள் கொஞ்சம் பயப்படுவார்கள், அந்த மட்டுக்கும் லாபம்தான்.

2015 மே மாதம் உலக சுகாதார மாநாட்டில் ஒரு செயல்திட்டத்தை ஏற்றார்கள். ஒவ்வொரு நாடும் தனக்கென ஒரு திட்டம் எழுத வேண்டும் என்பது அதில் முக்கியம். இந்தியா 2017இல் எழுதியது. பல நாடுகளில் எழுதியதோடு சரி, பணம் ஒதுக்காததால் திட்டம் அலமாரிக்குப் போய்விட்டது. அப்புறம் 2024 செப்டம்பர் 26 அன்று நியூயார்க்கில் நடந்த, நீங்கள் கேட்ட ஐ.நா. கூட்டத்தில்தான் கணக்கோடு பேசினார்கள். 2019இல் மருந்துக்கு மசியாத பாக்டீரியாக்களோடு தொடர்புடைய சாவுகள் 49.5 லட்சம் என்று மதிப்பீடு. அதில் 12.7 லட்சம் சாவுகளுக்கு இதுவே நேரடிக் காரணம். 49.5 லட்சத்தை 2030க்குள் 10 சதவீதம் குறைப்போம் என்பது உறுதிமொழி. 60 சதவீத நாடுகளாவது பணம் ஒதுக்கிய திட்டத்தோடு இருக்க வேண்டுமாம். அதற்குத் தூண்டுதொகையாக 10 கோடி டாலர் திரட்டுவார்களாம். உலகம் முழுமைக்கும்! படித்தபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது.

ஆனால் அந்தக் கூட்டம் வெளியிட்ட அறிக்கையில் யாரும் பெரிதாகப் பேசாத ஒரு வரி உண்டு. எல்லா மருத்துவமனைகளிலும் தண்ணீர், கழிப்பறை, கைகழுவும் வசதி, கழிவை அகற்றும் ஏற்பாடு இருக்க வேண்டும் என்பது. என்னைக் கேட்டால் அந்த அறிக்கையிலேயே உருப்படியான வரி அதுதான். பிரசவ வார்டில் குழாயைத் திறந்தால் தண்ணீர் வந்தாலே பாதித் தொற்று வராது. தொற்றே வராதவருக்கு எந்த மருந்தும் வேண்டாம்.

என் மாமியாருக்குச் சிறுநீர்த் தொற்று. டாக்டர் "கல்ச்சர் பார்க்கணும், ரிப்போர்ட் வர ரெண்டு மூணு நாள் ஆகும்" என்கிறார். ரத்தச் சர்க்கரையை ஒரு நிமிடத்தில் பார்க்கிறோமே, இதற்கு ஏன் இவ்வளவு தாமதம்?
– தஞ்சாவூர் வாசகி

கிருமி வளர்ந்தால்தானே அம்மா பார்க்க முடியும். முதல் நாள் சிறுநீரைத் தட்டில் இட்டு, மறுநாள் வரை வளரவிட்டு, என்ன கிருமி என்று பிரிக்கிறோம். அப்புறம் அந்தக் கிருமியைப் பஞ்சுக்குச்சியில் தொட்டு, வைக்கோல் நிறத்தில் கெட்டியாக உறைந்திருக்கும் இன்னொரு தட்டு முழுக்கத் தடவுவோம். அதன்மேல் பொட்டு அளவு காகித வில்லைகள், ஒவ்வொன்றிலும் ஒரு மருந்து. 35 டிகிரி சூட்டில் ராத்திரி முழுக்க வைத்துவிட்டுக் காலையில் எடுத்தால், தட்டு முழுக்க மங்கலாகக் கிருமிப் படலம் படர்ந்திருக்கும். மருந்து கேட்கிற இடத்தில் மட்டும் வில்லையைச் சுற்றித் தெளிவான வட்டம் இருக்கும். ஸ்கேலை வைத்து வட்டத்தை மில்லிமீட்டரில் அளந்து, அட்டவணையோடு ஒப்பிட்டு 'எஸ்' (மருந்து கேட்கும்) என்றோ 'ஆர்' (கேட்காது) என்றோ எழுதுவோம். வட்டமே இல்லாமல் கிருமி வில்லையின் விளிம்பை முட்டிக்கொண்டு நின்றால் அந்த மருந்தை மறந்துவிட வேண்டியதுதான்.

காலிஸ்டின் போன்ற கடைசிக்கட்ட மருந்துக்கு இந்த வில்லை முறை நம்பகமில்லை. அது தட்டில் சரியாகப் பரவாது, திரவத்தில் வைத்துத்தான் சோதிக்க வேண்டும். அந்த வசதி எல்லா ஊரிலும் இல்லை.

இதை இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. சர்வதேச முயற்சி என்று நாளிதழில் வருவதெல்லாம் கடைசியில் இந்த வட்டங்களில்தான் நிற்கிறது. 2015இல் உலக சுகாதார நிறுவனம் 'கிளாஸ்' என்ற கண்காணிப்பு ஏற்பாட்டைத் தொடங்கியது. நாடுகள் தங்கள் ஆய்வக முடிவுகளை ஒரே முறையில் தொகுத்து அனுப்புகின்றன. 2023இல் ஆய்வகத்தில் உறுதியான பாக்டீரியாத் தொற்றுகளில் ஆறில் ஒன்று மருந்துக்கு மசியாதது என்றும், அந்த நிறுவனத்தின் பிரிவுப்படி நாம் இருக்கும் தென்கிழக்கு ஆசியப் பகுதியில் மூன்றில் ஒன்று என்றும் அதில் தெரிந்தது. ஆய்வகமே இல்லாத ஊரின் நோயாளி இந்தக் கணக்கில் வரவே மாட்டார். மாமியாருக்குக் கல்ச்சர் பாருங்கள். மருந்து ஆரம்பிக்கும் முன்பே சிறுநீரைக் கொடுத்துவிடுங்கள், அதுதான் முக்கியம்.

ஒரு கிருமிக்கு 'நியூ டெல்லி' என்று பெயர் வைத்தது நம் மருத்துவமனைகளுக்கு வரும் வெளிநாட்டு நோயாளிகளைத் தடுக்கச் செய்த சதி என்கிறார் என் நண்பர். உண்மையா?
– கோவை வாசகர்

பெயர் கிருமிக்கு அல்ல. மெரோபெனம் போன்ற வலுவான மருந்துகளையே உடைத்துப்போடும் ஒரு நொதிக்கு. டெல்லியில் சிகிச்சை பெற்றுவிட்டு ஸ்வீடன் திரும்பிய ஒருவரிடம் 2008இல் கண்டுபிடித்தார்கள். இந்த வகை நொதிகளுக்கு ஊர்ப் பெயர் வைப்பது பழைய வழக்கம். இத்தாலியின் வெரோனா பெயரில் ஒன்று, பிரேசிலின் சாவ் பாவ்லோ பெயரில் ஒன்று, கொரியாவின் சியோல் பெயரில் ஒன்று. அங்கே யாரும் நம்மவர்களைப் போல நாடாளுமன்றத்தில் கொதித்ததாக நான் கேள்விப்படவில்லை.

2010 ஆகஸ்டில் பிரிட்டனின் லான்செட் மருத்துவ இதழ்க் குழுமத்தின் தொற்றுநோய் இதழில் வந்த கட்டுரைதான் பெரிய சண்டையைக் கிளப்பியது. அதன் முதல் ஆசிரியர் சென்னைப் பல்கலைக்கழக ஆய்வாளர். நொதி இருந்த மாதிரிகளில் 44 சென்னையில் எடுத்தவை, 26 ஹரியானாவில், 37 பிரிட்டனில். நம் ஊர் ஆராய்ச்சியாளரே எண்ணிச் சொன்னதைச் சதி என்பது எனக்கு ஒட்டவில்லை. நம் ஐ.சி.யூ. மருத்துவர்கள் அதைத் தினமும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

கோபம் அடங்கியபின் நல்லதும் நடந்தது. 2012 ஆகஸ்டில் இந்திய மருத்துவச் சங்கங்கள் கூடிச் 'சென்னைப் பிரகடனம்' என்று ஒன்றை வெளியிட்டன. எனக்கு அதில் பிடித்தது அதன் நடைமுறை அறிவு. டாக்டரே இல்லாத கிராமத்தில் எல்லா ஆன்டிபயாடிக்கையும் சீட்டில்லாமல் விற்கக்கூடாது என்றால், சாதாரண நிமோனியாவுக்கே குழந்தை செத்துப்போகும். அதனால் வலுவான மருந்துகளிலிருந்து கட்டுப்பாட்டைத் தொடங்கலாம் என்றார்கள். 2014 மார்ச்சில் அமலுக்கு வந்த, டாக்டர் சீட்டோடு மட்டுமே விற்க வேண்டிய மருந்துகளின் 'ஹெச் 1' பட்டியல் அந்த வழியில்தான் போனது. காசநோய் மருந்துகளையும் சேர்த்து 46 மருந்துகள். கடைக்காரர் நோயாளி பெயரையும் மருத்துவர் பெயரையும் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். எத்தனை கடையில் எழுதுகிறார்கள் என்பதை நீங்களே போய்ப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அசித்ரோமைசின் மூன்று நாள் போதும், அமாக்ஸிசிலின் ஐந்து நாள். அசித்ரோமைசினே நல்லதுதானே?
– விருதுநகர் வாசகர்

சளி, காய்ச்சல் பெரும்பாலும் வைரஸ். அதற்கு இரண்டுமே வேண்டாம். பாக்டீரியாதான் என்றால், உலக சுகாதார நிறுவனம் 2017இல் பிரித்த மூன்று வகைகளில் அமாக்ஸிசிலின் முதல் வகை, அதாவது தாராளமாகக் கிடைக்க வேண்டியது. அசித்ரோமைசின் இரண்டாம் வகை, கண்காணித்துக் கொடுக்க வேண்டியது. மனிதர்களுக்குப் பயன்படும் ஆன்டிபயாடிக்கில் 70 சதவீதம் முதல் வகையாக இருக்க வேண்டும் என்பது 2030க்கான இலக்கு. மாத்திரை எண்ணிக்கையை வைத்து மருந்தைத் தேர்ந்தெடுக்காதீர்கள்.

புது ஆன்டிபயாடிக் கண்டுபிடித்தால் தீர்ந்ததே. ஏன் செய்ய மாட்டேன் என்கிறார்கள்?
– நெய்வேலி வாசகி

செய்தவர்கள் திவாலானார்கள். அமெரிக்காவின் அகாவோஜென் நிறுவனத்துக்கு 2018இல் பிளாசோமைசின் என்ற மருந்துக்கு அனுமதி கிடைத்தது. 2019 ஏப்ரலில் கம்பெனியை மூடும் நிலைக்கு வந்துவிட்டார்கள். புது மருந்தை அபூர்வமாகத்தான் கொடுக்க வேண்டும் என்று மருத்துவர்கள் சொல்வது சரி. அபூர்வமாக விற்றால் போட்ட பணம் எப்படி வரும்? பிரிட்டன் 2022இல் ஒரு வழி கண்டது. இரண்டு மருந்துகளுக்கு, எத்தனை குப்பி விற்றாலும் விற்காவிட்டாலும், ஒவ்வொன்றுக்கும் வருடத்துக்கு ஒரு கோடி பவுண்டு வரை சந்தா. பணக்கார நாட்டுக்குக் கட்டுப்படியாகும்.

நம் பக்கத்துச் செய்தியும் ஒன்று உண்டு. சென்னையின் ஆர்க்கிட் நிறுவனத்தில் கண்டுபிடித்த என்மெட்டாசோபாக்டம், செஃபிபிம் என்ற பழைய ஆன்டிபயாடிக்கோடு சேர்த்துத் தரும் மருந்தாக, 2024 பிப்ரவரியில் அமெரிக்க அனுமதி பெற்றது.

கோழிக்குப் போடும் மருந்தால்தான் எல்லாம் என்கிறார்களே?
– நாமக்கல் வாசகர்

எல்லாம் அதனால் அல்ல, ஆனால் அதற்கும் பங்கு உண்டு. காலிஸ்டினை முறியடிக்கும், ஒரு பாக்டீரியாவிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும் மரபணுவைச் சீனாவில் பன்றிகளிடமும் மனிதர்களிடமும் கண்டு 2015இல் அறிவித்தார்கள். இந்தியா 2019இல் உணவுக்காக வளர்க்கும் கால்நடை, கோழிகளுக்குக் காலிஸ்டினைத் தடை செய்தது. 2024 ஐ.நா. அறிக்கையில் மனிதச் சாவுக்கு ஒரு எண் இருக்கிறது, கால்நடைக்குக் 'குறைக்க முயல்வோம்' என்பதோடு சரி. உங்கள் ஊர்ப் பண்ணைக்காரர்களை மட்டும் குறை சொல்லி என்ன? கறியை நன்றாக வேகவையுங்கள். கோழி வெட்டிய பலகையைக் கழுவாமல் அதிலேயே தக்காளி நறுக்காதீர்கள்.