அப்பா பேசாமல் விட்ட வருடங்கள்

கேள்வி: என் அப்பா மெட்ராஸ் ரெஜிமென்டில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். ஊரில் ‘பட்டாளத்தார்’ என்றால்தான் தெரியும். ஓய்வுக்குப் பிறகு சபைக் கமிட்டியில் இருந்தார். ஞாயிறு ஆராதனையைத் தவறவிட்டதே இல்லை. அடுத்த மாதம் முதலாம் ஆண்டு நினைவு ஆராதனை. நான் ஐந்து நிமிடம் பேச வேண்டும் என்று சபைப் போதகர் ஐயர் சொல்லியிருக்கிறார். “அப்பா 1988-ல் யாழ்ப்பாணத்தில் வீரமாகச் சண்டை போட்டதைச் சொல், கல்லறைமேல் தேசியக் கொடி போர்த்துவோம்” என்கிறான் தம்பி. அம்மாவோ, “அந்தப் பேச்சே வேண்டாம்” என்கிறார். எங்கள் சபையில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குடும்பம் ஒன்று இருக்கிறது. கிறிஸ்துமஸுக்கு முதல் கேக்கை அப்பா அந்த வீட்டுக்குத்தான் கொண்டுபோவார். இலங்கையைப் பற்றி எங்களிடம் அவர் ஒன்றுமே சொன்னதில்லை. நான் என்ன பேசுவது?
– ஒரு வாசகி, நாசரேத்

பதில்: அன்புச் சகோதரி, அப்பா யாழ்ப்பாணத்தில் இருந்தார் என்பதைக் கட்டாயம் சொல்லுங்கள். அங்கே அவர் என்ன செய்தார் என்பது உங்களுக்குத் தெரியாது, தம்பிக்கும் தெரியாது. அதனால் ‘வீரமாகச் சண்டை போட்டார்’ என்ற வரி வேண்டாம். “இந்திய அமைதிப்படையோடு இலங்கைக்குப் போனார். அதைப் பற்றி எங்களிடம் பேசியதே இல்லை.” இப்படி உள்ளதை உள்ளபடி சொன்னால் போதும்.

அவர் ஏன் பேசவில்லை என்று நீங்கள் யோசித்துப் பார்த்திருப்பீர்கள். 1987 ஜூலையில் இந்தியா-இலங்கை ஒப்பந்தம் ஆனதும் அமைதி காக்கத்தான் அந்தப் படை போனது. அக்டோபரில் விடுதலைப் புலிகளோடு சண்டை மூண்டுவிட்டது. 1990 மார்ச்சில் திரும்பி வருவதற்குள் சுமார் 1,200 இந்தியப் படையினர் உயிரிழந்தார்கள். அந்த ஊர் மக்கள் பட்டது அதைவிடக் கொடுமை. 1987 அக்டோபரில் யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குள்ளேயே நோயாளிகளும் டாக்டர்களும் நர்ஸுகளும் இந்தியப் படையின் குண்டுக்குப் பலியானார்கள். மற்ற மாநிலத்துச் சிப்பாய்க்கு அந்த மக்களின் அழுகை வெறும் சத்தமாகக் கேட்டிருக்கலாம். தமிழ்ச் சிப்பாய்க்கு ஒவ்வொரு சொல்லும் புரிந்திருக்கும். கடைசி அணி சென்னை வந்து இறங்கியபோது வரவேற்க முதலமைச்சர் கலைஞர் போகவில்லை. அதன் நியாயத்தை இங்கே நான் விவாதிக்க வரவில்லை. ஆனால் திரும்பி வந்த தமிழ்ச் சிப்பாயின் நிலைமையை நினைத்துப் பாருங்கள். வெற்றி என்று கொண்டாடவும் முடியாது, மனசில் கிடந்ததை இறக்கி வைக்கவும் இடம் கிடையாது. உங்கள் அப்பா இந்தக் காரணத்தால்தான் பேசாமல் இருந்தார் என்று நான் சொல்லமாட்டேன். அவர் மனசு அவருக்குத்தான் தெரியும்.

கேக் விஷயத்திலும் இதே ஜாக்கிரதை வேண்டும். அதைப் பிராயச்சித்தம் என்று மேடையில் சொல்லிவிடாதீர்கள். பக்கத்து வீட்டுப் பாசமாகவே இருந்திருக்கலாம். ஆராதனைக்கு ஒரு வாரம் முன்னால் அந்த வீட்டுக்குப் போய், இப்படி ஒரு வரி பேசப்போகிறேன் என்று நேராகவே சொல்லிவிடுங்கள். கோவிலில் உட்கார்ந்திருக்கும்போது திடீரென்று அதை அவர்கள் கேட்கக்கூடாது. உங்களிடம் சொல்லாததை அப்பா அவர்களிடம் சொல்லியிருக்கவும் கூடும். கேக்கைப் பற்றிப் பேசலாமா என்பதையும் அவர்களிடமே கேளுங்கள்.

அம்மா வேண்டாம் என்பதை அப்படியே விட்டுவிடாதீர்கள். அப்பா அங்கே இருந்த காலத்தில் ரேடியோச் செய்தியையும் தபால்காரரையும் பார்த்துக்கொண்டு, பிள்ளைகளையும் வைத்துக்கொண்டு இங்கே இருந்தவர் அவர்தானே. அவை அம்மாவுடைய வருடங்களும்தான். ஆறுதலாக உட்கார்ந்து, “அப்போ நீங்க எப்படிம்மா இருந்தீங்க?” என்று கேளுங்கள். அப்பாவைப் பற்றிக் கேட்காதீர்கள், அம்மாவைப் பற்றியே கேளுங்கள். அவர் சொல்வதில் ஒன்றை அவருடைய சம்மதத்தோடு பேச்சில் சேர்த்தால் அதைவிட நல்ல வரி உங்களுக்குக் கிடைக்காது.

அப்புறம் ட்ரங்குப் பெட்டியில் டிஸ்சார்ஜ் புக், அதாவது ஓய்வு பெறும்போது ராணுவம் கொடுக்கும் பணிப் புத்தகம், இருக்கிறதா பாருங்கள். எந்தெந்த வருடம் எந்த இடம், என்ன மெடல் என்பதெல்லாம் அதில் இருக்கும். இலங்கையில் பணி செய்தவர்களுக்கான சிறப்புச் சேவைப் பதக்கத்தின் ரிப்பனில் ‘ஸ்ரீலங்கா’ என்று எழுதிய சிறு பட்டை இருக்கும். அது கிடைத்தால் போட்டோ பக்கத்தில் வையுங்கள். பழைய பட்டாலியன் நண்பர் யாராவது இருந்தால் போன் பண்ணுங்கள். சண்டையைப் பற்றித் துருவ வேண்டாம். “முகாமில் அப்பா எப்படி இருப்பார்?” என்றால் அவரே பேசுவார்.

சபை விஷயத்தில் ‘ஜெபவீரர், பக்திமான்’ என்று சொல்லாதீர்கள். எல்லார் அடக்க ஆராதனையிலும் அதைக் கேட்டுவிட்டோம். சபை கூடிச் சாப்பிடும் அசனப் பண்டிகையில் அடுப்படியில் நின்றாரா, பந்தியில் பரிமாறினாரா? காணிக்கை எண்ணும்போது பட்டாளத்துக் கண்டிப்பு வந்துவிடுமா? குடும்ப ஜெபத்தில் தூங்கி விழுந்த பிள்ளையை அதட்டுவாரா, தூக்கி மடியில் போட்டுக்கொள்வாரா? கோபக்காரர் என்றால் அதையும் சொல்லுங்கள். சபையார் அறியாததா!

கொடி மட்டும் வேண்டாம் என்று தம்பியிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். அரசு, ராணுவ, துணை ராணுவ மரியாதையோடு நடக்கும் இறுதிச் சடங்கு தவிர வேறு எதற்கும் தேசியக் கொடியைப் போர்த்துவது 1971-ஆம் வருடச் சட்டப்படி குற்றம். அவனுக்கு வேறு பொறுப்பு கொடுங்கள். பட்டாளத்தார் நினைவுச் சீட்டு என்றால் ‘நல்ல போராட்டத்தைப் போராடினேன்’ என்ற 2 தீமோத்தேயு 4:7 வசனத்தைத்தான் அச்சடிப்போம். அதற்குப் பதிலாக அப்பாவின் வேதாகமத்தைப் புரட்டி, அவர் பேனாவால் கோடு போட்ட வசனத்தைத் தம்பி தேடி எடுக்கட்டும். ஆராதனையில் அவனே அதை வாசிக்கட்டும்.

அம்மாவுக்குக் குடும்ப ஓய்வூதியம் ஒழுங்காக வருகிறதா? வராவிட்டால் தூத்துக்குடியில் இருக்கும் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கு டிஸ்சார்ஜ் புக், ஓய்வூதிய ஆணை, இறப்புச் சான்றிதழோடு அம்மாவை இந்த மாதமே கூட்டிக்கொண்டு போய்விடுங்கள்.