வாசகர் கேள்வி: பிடித்த மீன் யாருக்குச் சொந்தம்?

ஹவாய்த் தீவுகளில் படகை வாடகைக்கு அமர்த்திக்கொண்டு ஆழ்கடலில் சூரையும், ஈட்டிபோல மூக்கு நீண்ட பெருமீனான மார்லினும் பிடிக்கப் போகிறவர்களைப் பற்றிச் சென்ற இதழில் நான்கு வரி எழுதியிருந்தேன். அந்த நான்கு வரிகளுக்கு வந்த கடிதங்களிலிருந்து ஆறு கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

கேள்வி: மகள் கலிபோர்னியாவில் இருக்கிறாள். டிசம்பரில் எல்லோரும் ஹவாய் போகிறோம். அங்கே கோனா கடற்கரையில் படகு எடுக்க மாப்பிள்ளைக்கு ஆசை. காசு கொடுத்துப் படகு எடுத்தால் பிடிபடும் மீன் முழுதும் நமக்குத்தானே? (கோவை வாசகர்)

பதில்: அப்படி நினைத்துக்கொண்டு படகு ஏறாதீர்கள். அமெரிக்காவின் பல துறைமுகங்களில் நீங்கள் சொல்வதுதான் வழக்கம் என்றாலும், ஹவாயில் மீன் படகைச் சேர்ந்தது என்பது பழைய வழக்கம். அங்கே வாடகைப் படகின் கேப்டன் சுற்றுலாக்காரர்களை ஏற்றிச் செல்பவர் மட்டுமல்லர். மீனைச் சந்தையில் விற்கும் உரிமம் பெற்ற மீனவரும் அவரே. நாள் முழுவதும் எரியும் டீசலின் செலவை வாடகை மட்டுமே ஈடுகட்டுவதில்லை என்பதால், பெரிய சூரை ஒன்று கிடைத்தால் அதை விற்று வரும் பணத்தையும் மனத்தில் வைத்தே பலர் வாடகையைச் சொல்கிறார்கள். இதை ஏமாற்று என்று சொல்ல முடியாது. ஆனால் முன்கூட்டியே சொல்லாமல் விடுவது சரியில்லை என்பது என் கருத்து.

எனக்கு நேர்ந்ததையே சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் அக்காள் மகனோடு ஒரு படகில் போனேன். ஐந்து மணி நேரம் கடலைப் பார்த்துக்கொண்டே இருந்த பிறகு, முப்பது கிலோ இருக்கும், ஒரு மஞ்சள் துடுப்புச் சூரை மாட்டியது. அதை அங்கே ‘அஹி’ என்பார்கள். மருமகன் அரை மணி நேரம் வியர்க்க வியர்க்க இழுத்துப் போட்டான். கரை வந்ததும் உதவியாளர் இரண்டு பிளாஸ்டிக் பைகளில் துண்டு போட்டுக் கொடுத்துவிட்டு, மீதியைப் பனிக்கட்டிப் பெட்டிக்குள் தள்ளி மூடினார். மருமகன் என்னைப் பார்த்தான். நான் கேப்டனைப் பார்த்தேன். அவர் குழாயைத் திறந்து தளத்தைக் கழுவிக்கொண்டிருந்தார். முன்பணம் கட்டும்போதே கேட்டிருக்க வேண்டியது எங்கள் பொறுப்பு.

ஆகவே மாப்பிள்ளையிடம் சொல்லுங்கள்: சிறிய மீன் எவ்வளவு, பெரிய மீனில் பங்கு எவ்வளவு, வெட்டிக் கொடுப்பார்களா என்பதைப் பணம் கட்டுவதற்கு முன்னால் எழுத்தில் வாங்கிக்கொள்ளட்டும். முழுப் படகா, பிறரோடு பகிர்ந்துகொள்ளும் படகா என்பதையும் கேட்கட்டும். பகிர்வுப் படகில் முறை வைத்துத்தான் தூண்டிற்கோல் கைக்கு வரும். உங்கள் முறையில் மீன் கடிக்காமலே பொழுது போய்விடலாம். இந்தப் படகுகளில் பெரும்பாலானவை ஆறு பயணிகளுக்கு மேல் ஏற்ற அனுமதியில்லாதவை என்பதால் குடும்பத்தில் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, பெரிய நீல மார்லினும் அஹியும் ஆண்டு முழுவதும் அகப்படக் கூடியவை என்றாலும் அவற்றுக்கு உரிய பருவம் கோடைதான். டிசம்பரில் போகிறவர்கள் வேறு மீன்களையும் மனத்தில் வைத்துக்கொண்டு போவது நல்லது.

கேள்வி: அவ்வளவு பெரிய பசிபிக் கடலில் மீன்பிடிக்குக் கோனா மட்டும் ஏன் இவ்வளவு பேர்பெற்றது? (மதுரை வாசகி)

பதில்: மலைதான் காரணம். கோனா கடற்கரை ஹவாயின் பெரிய தீவில் மேற்குப் பக்கம் இருக்கிறது. வடகிழக்கிலிருந்து வீசும் வணிகக் காற்றை 4,169 மீட்டர் உயரமுள்ள மௌனா லோவாவும் 2,521 மீட்டர் உயரமுள்ள ஹுவாலாலையும் மறித்துவிடுவதால், தீவின் மறுபக்கம் கொந்தளிக்கும் நாளிலும் இந்தப் பக்கம் கடல் குளம்போலக் கிடக்கும். அதே எரிமலைச் சரிவு நீருக்கடியிலும் செங்குத்தாக இறங்குவதால், கரையிலிருந்து சில கிலோமீட்டரிலேயே ஆழம் ஆயிரம் மீட்டரைத் தாண்டிவிடுகிறது. வேறு ஊர்களில் பெருமீன் இருக்கும் ஆழத்தை எட்டவே இரண்டு மூன்று மணி நேரம் ஓட வேண்டியிருக்க, ஹொனோகொஹாவ் துறைமுகத்தை விட்டு வெளியே வந்ததுமே இங்கே தூண்டிலை இறக்கிவிடுகிறார்கள். தலைசுற்றலும் வாந்தியும் வருகிறவர்களுக்கும் இது ஓரளவு ஆறுதல். ஆனாலும் மருத்துவரிடம் கேட்டு மாத்திரையை முன்னதாகவே போட்டுக்கொள்ளுங்கள். குமட்டல் வந்த பிறகு போடுகிற மாத்திரையால் அதிகப் பயனில்லை.

கேள்வி: இருநூறு கிலோ மீனை ஒரு தனி ஆள் எப்படி இழுக்க முடியும்? இயந்திரம் வைத்திருப்பார்களா? (நாகர்கோவில் வாசகர்)

பதில்: இல்லை, கையால்தான். தூண்டில் நரம்பைச் சுற்றிவைக்கும் உருளையான ரீலுக்குள் இருக்கும் ஒரு பிடிமானத்தில் சூட்சுமம் இருக்கிறது. நரம்பு தாங்கும் எடையில் ஏறக்குறைய கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை அந்தப் பிடியை முறுக்கி வைப்பார்கள். அதற்கு மேல் மீன் இழுத்தால் நரம்பு அறுவதற்குப் பதிலாக வழுக்கிக்கொண்டு வெளியே ஓடும். ஓடி ஓடி மீன் களைக்கும்போது, ஓடிய நரம்பை நீங்கள் சுற்றிச் சுற்றி மீட்கிறீர்கள். நீங்கள் மீனை இழுப்பதைவிட, மீன் தன்னைத்தானே களைப்பாக்கிக்கொள்ள வைக்கிறீர்கள் என்பதே பொருத்தம்.

கடிக்கும் நேரத்தைச் சொன்னால் விளங்கும். படகு ஏழெட்டு நாட், அதாவது மணிக்குப் பதின்மூன்று முதல் பதினைந்து கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருக்கும். பின்னால் நான்கைந்து செயற்கை இரைகள் வெவ்வேறு தூரத்தில் நுரையைக் கிழித்துக்கொண்டு வரும். எல்லோரும் அரைத் தூக்கத்தில் இருக்கையில் ஒரு ரீல் திடீரென ‘கிர்ர்ர்’ என்று அலறும். உதவியாளர் மற்றத் தூண்டில்களை விறுவிறுவென்று சுற்றி எடுப்பார். முறைக்காரரைத் தளத்தின் நடுவே திருகாணியில் பூட்டிய நாற்காலியில் உட்கார வைப்பார்கள். கேப்டன் படகைத் திருப்பி, தேவைப்பட்டால் பின்னோக்கி ஓட்டி மீனைத் துரத்துவார். பாதி மீன் அவருடைய கைவண்ணம்தான்.

சாதனைப் பட்டியலில் இடம்பெற வேண்டுமென்றால் அந்த ஒருவரைத் தவிர வேறு யாரும் கோலையோ ரீலையோ தொடக் கூடாது. கடைசியில் வரும் தடித்த முன்நரம்பை மட்டும் உதவியாளர் பிடிக்கலாம். 1939-இல் தொடங்கிய சர்வதேச விளையாட்டு மீன்பிடிச் சங்கத்தின் விதி இது. 1970-இல் ஹவாயின் ஓவாஹு தீவுக்கு அப்பால் கேப்டன் கொர்னீலியஸ் சோய் படகில் பிடிபட்ட நீல மார்லின் 1,805 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 819 கிலோ இருந்தும், ஒருவருக்கு மேல் கோலைக் கைமாற்றிக்கொண்டதால் பட்டியலில் ஏறவில்லை. பசிபிக் நீல மார்லினுக்கான சாதனை 1982-இல் கோனாவில் பிடிபட்ட 1,376 பவுண்டு மீனுடையது. பட்டியலில் இல்லாவிட்டாலும் இன்றும் மீனவர்கள் பேசுவது சோயின் மீனைப் பற்றித்தான்.

கேள்வி: எங்கள் ஊரில் சூரை என்றால் கருவாட்டுக்குப் போகிற மலிவு மீன். அங்கே மட்டும் ஏன் தங்கம்போல விலை? (தூத்துக்குடி வாசகர்)

பதில்: இரண்டு காரணங்கள். நாம் சூரை என்று வாங்குவதில் பெரும்பகுதி கரையோரத்துச் சிறுவகைகள். அவர்கள் கொண்டாடுவது மஞ்சள் துடுப்பு, பெருங்கண் போன்ற பெருவகைகள். ஆழ்கடலுக்குப் போகும் தூத்தூர் மீனவர்களிடம் கேட்டால் இந்த வேறுபாட்டை என்னைவிட நன்றாகச் சொல்வார்கள்.

மற்றது, பிடித்தவுடன் செய்கிற வேலை. சூரை மற்ற மீன்களைப்போல முழுக் குளிர் இரத்தப் பிராணி அன்று. அதன் தசைக்குள் இரத்தக் குழாய்கள் பின்னிப் பிணைந்து, நீந்துவதால் உண்டாகும் சூட்டை வெளியே விடாமல் பிடித்து வைக்கின்றன. நீண்ட நேரம் போராடிய மீனின் உடல் கொதித்துப்போயிருக்கும். அப்படியே தளத்தில் கிடத்தினால் சிவந்த சதை வெளுத்துப் புளிப்பேறிவிடும். பச்சையாக உண்பவர்கள் அதைத் தொடமாட்டார்கள். அதனால்தான் மீன் உள்ளே வந்த கணமே மூளையில் குத்தி அடக்கி, துடுப்புக்குப் பின்னால் கீறி இரத்தத்தை வடித்து, கடல்நீரும் பனிக்கட்டியும் கலந்த கூழில் அமிழ்த்துகிறார்கள். சுவைக்காக மட்டுமல்ல இது. சூடாகக் கிடக்கும் சூரையில் கிருமிகளால் ஹிஸ்டமின் என்ற பொருள் உண்டாகும். எவ்வளவு கொதிக்க வைத்தாலும் அது அழியாது. சூரைக் குழம்பு சாப்பிட்டு முகம் சிவந்து உடம்பெல்லாம் தடித்தவர்கள் நம் ஊரிலும் உண்டு; பல நேரங்களில் குற்றவாளி மீனன்று, பனிக்கட்டியில் காட்டிய சிக்கனம்தான்.

கேள்வி: மார்லினைக் கொல்லாமல் விட்டுவிடுவார்கள் என்று படித்தேன். உண்மையா? (சென்னை வாசகி)

பதில்: அட்லாண்டிக் பக்கம் பெரும்பாலும் உண்மை. 2012-இல் வந்த சட்டம் அமெரிக்காவில் மார்லின் விற்பனையைத் தடுத்தது. ஆனால் ஹவாய்க்கு விலக்கு அளித்தது. 2018-இல் அந்த விலக்கைச் சுருக்கி, ஹவாயில் பிடித்த மார்லினை ஹவாயிலேயே விற்க வேண்டும் என்றார்கள். புகையூட்டிய மார்லின் அங்கே அன்றாட உணவு. உங்களுக்கு விடுவிக்கத்தான் விருப்பம் என்றால் கரையிலேயே கேப்டனிடம் சொல்லிவிடுங்கள். மீன் படகோரம் வந்த பிறகு விவாதித்தால் யாருக்கும் காது கேட்காது.

கேள்வி: படகில் வாழைப்பழம் கொண்டுபோகக் கூடாது என்கிறார்களே? (திருச்சி வாசகர்)

பதில்: ஆம், வாழைப்பழம் இருந்தால் மீன் கடிக்காது என்ற நம்பிக்கை அங்கே ஆழமாக வேரூன்றியிருக்கிறது. என் மனைவி கட்டிக் கொடுத்த பொட்டலத்தை மூன்றாம் மணி நேரத்தில் பிரித்தபோது, இது என்ன என்று உதவியாளர் கேட்டார். நேந்திரங்காய் வறுவல் என்று சொல்லிவிட்டு, நேந்திரம் வாழையில் ஒரு வகை என்பதை மட்டும் சொல்லாமல் விட்டுவிட்டேன். அவரும் இரண்டு எடுத்துக்கொண்டார்.