உள்ளூர் இதழும் மருந்துச் சோதனையும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

தென்னாப்பிரிக்க மருத்துவ இதழில் வந்த ஒரு மருந்துச் சோதனையைக் காட்டி, அம்மாவின் மாத்திரையை டாக்டர் மாற்றினார். ‘வெளிநாட்டு இதழில் வராததை எவன் மதிப்பான்?’ என்கிறார் அண்ணன். உள்ளூர் இதழுக்கு அவ்வளவுதான் மரியாதையா?
ம., சாட்ஸ்வர்த், டர்பன்

அன்புள்ள ம.,

அண்ணன் சொல்வது பாதி சரி. காசநோயும் எச்.ஐ.வி.யும் சேர்ந்த 642 பேரிடம் உங்கள் டர்பனிலேயே நடந்த சாபிட் சோதனைகூட 2010இல் அமெரிக்க இதழில்தான் வந்தது. அங்கே வந்தால் உடனே உலகத்தின் கண்ணில் படும்.

ஆனால் சிகிச்சை நெறிமுறை எழுதுகிறவர்கள் ஒரே கேள்வியைக் கேட்ட சோதனைகளை எல்லாம் திரட்டித்தான் பார்ப்பார்கள். அந்தத் தொகுப்பாய்வில் இதழின் பேருக்கு எடை கிடையாது. எத்தனை நோயாளிகள், எத்தனை பேருக்கு என்ன நேர்ந்தது என்பதற்கே எடை. திரட்டுபவர் கையில் சிக்காத சோதனை, நடக்காத சோதனை மாதிரிதான். 1948 முதல் 1997 வரை வந்த தென்னாப்பிரிக்க மருத்துவ இதழ்களை ஆய்வாளர்கள் பக்கம் பக்கமாகப் புரட்டி, அவற்றிலிருந்த சோதனைகளைத் தேடி எடுத்ததும் இதற்காகத்தான்.

சிறிய சோதனையைத் தனியே நம்பினால் என்ன ஆகும்? பழைய மருந்துக்கு 30 பேர், புதியதற்கு 30 பேர் என்று வையுங்கள். பழைய மருந்தில் 6 பேர் இறந்தார்கள், புதியதில் 3 பேர். ‘இறப்பு பாதியானது’ என்று தலைப்பு போடலாம். கணக்குப் போட்டால், இறப்பு 86 விழுக்காடு குறைவதற்கும் 82 விழுக்காடு கூடுவதற்கும் இடையில் எதுவும் உண்மையாக இருக்கலாம்! அதே கேள்விக்கு இன்னும் பத்து சிறிய சோதனைகள் சேர்ந்தால் அந்த இடைவெளி சுருங்கும்.

அடுத்து, யாருக்கு எந்த மருந்து என்று எப்படிப் பிரித்தார்கள் என்று பாருங்கள். ஒற்றைப்படைத் தேதியில் வந்தவருக்குப் புது மருந்து என்றால் அடுத்தவருக்கு என்ன என்பது நர்ஸுக்கு முன்கூட்டியே தெரியும். மோசமாக இருப்பவரை நாளை வரச் சொல்லிவிடலாம். யாருக்கு எந்த மருந்து என்பதைக் குலுக்கல் முறையில் முடிவுசெய்து, அந்தச் சீட்டை எண்ணிட்டு ஒட்டிய, உள்ளே தெரியாத உறைகளில் வைத்தால் இதைத் தடுக்கலாம்.

பெரிய இதழ் என்பதும் காப்பில்லை. ஜோகன்னஸ்பர்க் பேராசிரியர் பெஸ்வோடா மார்பகப் புற்றுக்கு அதிக அளவு கீமோ பற்றி 1995இல் எழுதிய கட்டுரை, அமெரிக்காவின் முன்னணிப் புற்றுநோய் இதழில் வந்தது. 2001இல் திரும்பப் பெறப்பட்டது.

டாக்டர் காட்டிய கட்டுரையில் பதிவேட்டு எண் இருக்கிறதா என்று பாருங்கள்; சோதனையின் திட்டத்தை முன்கூட்டியே பதிந்துவைக்கும் பொதுப் பட்டியல்தான் பதிவேடு. பதிவேட்டில் முதன்மை விளைவு, அதாவது சோதனை முக்கியமாக அளக்கப்போவது, என்று முன்பே எழுதியதும் கட்டுரையில் பெரிதாகக் காட்டுவதும் ஒன்றுதானா என்று ஒப்பிடுங்கள். ‘இந்த ஒரு சோதனைதானா, நெறிமுறையே மாறிவிட்டதா?’ என்று டாக்டரிடம் கேளுங்கள். அதுவரை அம்மா மாத்திரையை நிறுத்த வேண்டாம்.